அளவெட்டி வீடும் நான்கு தூண்களும்: யாழ்ப்பாணப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 12, 2025, புதன்: பலாலி, நல்லூர்

இன்று போயா. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இங்கே நாடு முழுக்க விடுமுறை. பலாலி விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, காற்று மட்டும் குளிர்ச்சி. நகரத்துக்கு ஆட்டோ 3,500 ரூபாய் என்றார்கள். பேசி 3,000. நம் பணத்துக்கு 900-க்குப் பக்கம்.

ஆட்டோக்காரர் முதல் கேள்வியிலேயே ஊரைப் பிடித்துவிட்டார். "திருச்சியோ அக்கா? எங்கட சனம் கனபேர் அங்க இருக்கினம்." அப்படி இருந்த ஒருத்திதான் என்னை இங்கே அனுப்பியிருக்கிறாள். கல்லூரியில் என்னோடு சிவில் படித்தவள், இப்போது டொராண்டோவில். அளவெட்டியில் அவளுடைய அம்மம்மாவின் வீடு 1995 போர் இடப்பெயர்வோடு பூட்டியது. "நீ போய்ப் பார்த்துச் சொல்லடி, இடிக்கிறதா வைக்கிறதா எண்டு." அவள் சொன்னது அவ்வளவுதான்.

வழி நெடுக, ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்து திருப்பிக் கொடுத்த நிலங்களில், கூரையில்லாத வீடுகள். வரவேற்பறையில் வேம்பு, குசினியில் எருக்கு. முப்பது வருட மழையைக் கூரையில்லாமலே வாங்கிய சுண்ணாம்புக்கல் சுவர்கள் நேராக நிற்கின்றன. அதே வீட்டில் பிற்பாடு வைத்த கான்கிரீட் லிண்டல்கள்தான் வெடித்து, துருப்பிடித்த கம்பி வெளியே தொங்குகிறது. உப்புக் காற்று உள்ளே இறங்கினால் கம்பி துருவேறி ஊதும், ஊதியது கான்கிரீட்டைப் பிளக்கும். பாடப் புத்தகத்தில் படமாகப் போட்டிருப்பதை இங்கே வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

மதியம் நல்லூர்ப் பக்கம் ஒரு சைவக் கடையில் சோறு, பருப்பு, பிலாக்காய்க் கறி, வல்லாரைச் சம்பல், சொதி. 450 ரூபாய். சொதியைக் குடிக்கத் தனிக் கிண்ணம் கேட்டேன். பரிமாறியவர் சிரித்துக்கொண்டே இரண்டு கிண்ணம் வைத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 13, வியாழன்: அளவெட்டி

காலை ஏழு மணிக்குப் பனி இன்னும் வெங்காயப் பாத்தி மேல் கிடந்தது. வளவுக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு மேசன் ஐயா காத்திருந்தார். எழுபதைத் தாண்டிய வயது, மடித்துக் கட்டிய சாரம், இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல். அவரைப் பிடித்துக் கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா. சாவியும் அவரிடம்தான் இருந்தது.

நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், தாழ்வாரத்தின் நாலு மூலையிலும் கல் பீடத்தின் மேல் பலாமரத் தூண்கள். தலையில் வாழைப்பூப் போதிகை. சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம். கூரைக்குப் பனை. மேலே கள்ளிக்கோட்டை ஓடு. கீழே விழுந்து கிடந்த ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன், தொழிற்சாலை முத்திரை இன்னும் விரலில் தட்டுகிறது. கேரளத்தில் சுட்டு, கப்பலேறி வந்த ஓடு.

ஐயா பேச்சைத் தொடங்கவில்லை. ஏணியைச் சாத்தி ஏறி, ஓட்டைத் தாங்கும் பனஞ்சலாகை ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ணங், ணங், ணங். வடகிழக்கு மூலையில் பொத்தென்று ஒரு சத்தம். அங்கேயே நிறுத்திக் கையால் அமுக்கினார். மரம் கோதாகி உள்ளே போயிற்று.

"பீலி உக்கிப்போச்சு பிள்ளை. தண்ணி நேரா இந்த வளையிலை விழுந்திருக்கு. மற்றதெல்லாம் வைரம். ஒண்டும் செய்யாது."

இரண்டு கூரைச் சரிவு சேரும் மூலையில் தகரப் பீலி இருக்கும். முற்றத்து வீட்டுக்கு நோய் வருவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு பீலி, அதன் கீழே ஒரு வளை (விட்டம்), பத்துப் பதினைந்து சலாகை, கொஞ்சம் ஓடு. வீட்டின் மொத்தக் கூரைச் சேதம் அவ்வளவே.

சுவருக்கு வந்தார். ஆணியால் கல் இடுக்கைச் சுரண்ட, சாந்து மாவாக உதிர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருக்கு இல்லை. "கல்லுக்கு ஒண்டும் நடக்கேல்லை. சாந்து பிடியை விட்டிட்டுது, அவ்வளவுதான். திரும்பச் சுண்ணாம்பு வைச்சா நிக்கும்." அப்புறம் பின்பக்கச் சுவருக்கு என்னை அழைத்துப் போனார். போருக்கு முன் யாரோ அழகுக்காகச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பூச்சு பலகை பலகையாகக் கழன்று, பின்னால் கல் ஈரமாகவே இருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். சிமெண்டைப் பூசினால் வாங்கியது வெளியேற வழியில்லை. இந்த வீட்டுக்கு இதுவரை நடந்த மிகப் பெரிய கெடுதல் அந்தப் பூச்சுதான் என்பது என் கணிப்பு. ஐயா அதைவிடக் காரமாக ஒரு சொல் சொன்னார், இங்கே எழுத முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்தார். அவருடைய கட்சி வேறு. "பாம்பு வருது, மாரிக்கு நுளம்பு. ஆக்கள் இல்லாத வீடு நிண்டென்ன, விழுந்தென்ன? இடிச்சுப்போட்டு வடிவா ஒரு மாடி வீடு கட்டச் சொல்லுங்கோ." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டைக் காப்பாற்றச் சொல்கிற நான் திங்கட்கிழமை விமானம் ஏறிவிடுவேன். பாம்போடு குடியிருப்பவர் அவர்.

சாயங்காலம் மின்வெட்டு. ஞாயிற்றுக்கிழமை பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் புகுந்து நாட்டையே இருட்டாக்கியதன் மிச்சம், ஊர் ஊராக முறை வைத்து. தங்கியிருக்கும் அறை புதுக் கட்டடம், மேலே மொட்டைத் தளம். மின்விசிறி நின்ற பத்தாவது நிமிடம் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தளம் கக்க ஆரம்பித்தது. அளவெட்டித் தாழ்வாரத்தில் நடு மதியத்திலும் விசிறி தேடவில்லை.

இருட்டில் வேறு வேலையில்லாமல் கணக்குப் போட்டேன். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்பது எங்கள் ஊர் மனக்கணக்கு. 2,000 சதுர அடிக்கு 800 மூட்டை, அதாவது 40 டன். ஒரு டன் சிமெண்ட் செய்ய 600 முதல் 900 கிலோ வரை கரியமில வாயு வெளியாகும். ஆக புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே சிமெண்டில் மட்டும் 25, 30 டன். கம்பி, டைல்ஸ், லாரி எல்லாம் தனி. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது என்பதைக் கருத்தரங்கில் கேட்டால் கொட்டாவி வரும். தெரிந்த ஒரு வீட்டுக்குப் போட்டுப் பார்த்தால் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி: பழைய சாமான் கடை

வெள்ளிக்கிழமை என்பதால் தங்குமிடத்தில் மரக்கறிதான். இடியப்பம், பாற்சொதி, தேங்காய்ச் சம்பல். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நகரத்துக்கு வெளியே, பெரிய வீதியோரம், பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கிற இடம். தகரக் கொட்டகைக்குள் கதவுகள் புத்தக அலமாரி போல நிமிர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்குக்கட்டியில் ஊர்ப் பெயர்: கோப்பாய், உடுவில், மானிப்பாய், கரவெட்டி. கடை அண்ணையைக் கேட்டால் எந்த வீடு, எந்த வருடம் பிரித்தது, இந்தக் கதவுக்குச் சோடியான ஜன்னல் எங்கே போனது என்று எல்லாம் வாயிலிருந்து வருகிறது. ஓடு ஒன்று 50 ரூபாய். கம்பி வைத்த ஜன்னல் 18,000. செதுக்கு வேலை உள்ள தலைவாசல் நிலை ஒரு லட்சத்து இருபதாயிரம், பேரம் இல்லை.

நெதர்லாந்தில் 2017-இலிருந்து மடாஸ்டர் என்ற பதிவகம் இயங்குகிறது. ஒரு கட்டடத்தில் எந்தப் பொருள் எவ்வளவு, எங்கே, எப்படிப் பொருத்தியது என்று பதிந்து வைத்தால் நாளைக்குப் பிரிக்கும்போது அது குப்பையாகாது. வளங்களைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் பொருளாதாரமாக 2050-க்குள் முழுக்க மாறிவிட வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2016-இல் இலக்கு வைத்தது. அண்ணையின் சாக்குக்கட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது, அவர் தலையில் இருப்பதைச் சேர்த்தால்.

ஆனால் உள்ளே போகப் போக எனக்கு உற்சாகம் வடிந்தது. வாங்குகிறவர்கள் யார் என்று கேட்டேன். "கொழும்புப் பக்கம் போகுது. தெற்கிலை ஹோட்டல் கட்டுற ஆக்கள் வருவினம். தூண் எண்டா உடன எடுப்பினம்." ஊரில் யாரும் வாங்குவதில்லையா? "ஓடு வாங்குவினம், மாட்டுக் கொட்டிலுக்கு." சுவர்க் கல் எங்கே? வீதியைக் கைகாட்டினார். நிரவப் போட்டாயிற்று.

மறுபயன்பாடு என்று மேடையில் பேசும்போது நாம் இந்தக் கடையைத்தான் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். இடிப்பதைவிடப் பிரிப்பது மேல், சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கொட்டகையில் ஒரு கதவு ஏறினால் எங்கோ ஒரு வீடு போயிற்று என்று கணக்கு. நின்ற இடத்திலேயே நிற்கிற வீட்டின் சுவரும் நிழலும் முற்றமும் எந்த விலைப்பட்டியலிலும் வராது. 2021-இல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் லக்காத்தோன், வஸ்ஸால் இருவரும் இடிப்பதே இல்லை என்பதைத் தொழில் விதியாக வைத்திருப்பவர்கள். போர்தோ நகரில் 530 பழைய அடுக்ககக் குடியிருப்புகளை, ஆட்களை வெளியேற்றாமலே, முன்பக்கம் சேர்த்துக் கட்டிப் பெரிதாக்கினார்கள். ஆட்கள் உள்ளே இருந்ததால் முடிந்தது. அளவெட்டியில் உள்ளே யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 15, சனி: நூலகம், கோட்டை, கூழ்

யாழ்ப்பாணப் பொது நூலகம் வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. 1959-இல் திறந்த கட்டடம், 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்களோடு. எரிந்த கூட்டை நினைவுச் சின்னமாக அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகக் கட்டலாம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். 1998-இல் ஆளுக்கொரு செங்கல், ஒரு புத்தகம் என்று கேட்டு அரசு சீரமைக்கத் தொடங்கியது. பழைய உருவத்தையே திரும்பக் கொண்டுவந்தார்கள். நிற்கிற சுவரைப் பயன்படுத்தியது சரி என்பேன். ஆனால் எங்கேயாவது ஒரு கை அகலம் கரி படிந்த சுவரைப் பூசாமல் விட்டிருக்கலாம். உள்ளே மாணவர்கள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, நிமிராமல் மறுபடி கணக்கில் குனிந்துகொண்டாள்.

கோட்டைக்கு நடந்தே போனேன், பத்து நிமிடம்கூட இல்லை. போர்த்துக்கேயர் தொடங்கியது, 1658-இல் பிடித்த ஒல்லாந்தர் ஐங்கோண நட்சத்திரமாக்கியது. உள்ளே 1706-இல் கட்டிய தேவாலயம் போரில் நொறுங்கிக் கற்குவியலாகக் கிடக்கிறது. மதில்களை நெதர்லாந்து உதவியோடு திருத்தியிருக்கிறார்கள். கட்டியதெல்லாம் பவளக்கல். இன்று கடலோரத்தில் அந்தக் கல்லைத் தோண்டத் தடை, ஆகவே கீழே விழுந்து கிடக்கும் ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டியது. மதில் மேல் காதலர்கள், கீழே காற்றாடி விடும் பையன்கள். கச்சான் (வேர்க்கடலை) விற்றவர் 100 ரூபாய்ச் சுருளுக்கு மேல் ஒரு பிடி போட்டார்.

இரவு ஒடியல் கூழ், காயவைத்த பனங்கிழங்கு மாவில் செய்வது. நண்டு, இறால், மீன், மரவள்ளி, பயிற்றங்காய், எல்லாம் ஒரே சட்டியில். கரண்டிக்குப் பதில் பிலாவிலை கோலித் தந்தார்கள். எனக்குக் கோலத் தெரியாமல் முழங்கை வரை வழிந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு: நெடுந்தீவு

குறிகட்டுவானுக்குப் போகிற வழியில் புங்குடுதீவு. மாடி வைத்த பெரிய பெரிய வீடுகள், ஜன்னல் இல்லாமல். பக்கத்திலேயே புதுக் கான்கிரீட்டில் கோயில் கோபுரம், பளபளவென்று. பேருந்தில் பக்கத்தில் இருந்த வாத்தியார் சொன்னார்: "வீட்டுக்காரர் சுவிசிலை. திருவிழாவுக்கு வருவினம். கோயிலைத்தான் பாப்பினம், வீட்டைப் பாக்க ஏலாது, அழுகை வரும்." அவர் புவியியல் கற்பித்தவர். இந்தக் குடாநாட்டுக்கு ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மழைதான் கிணற்றுத் தண்ணீர் என்று விளக்கினார். காங்கேசன்துறையில் சிமெண்ட் ஆலை 1950-இலிருந்து 1990 வரை ஓடியது அந்தக் கல்லை வெட்டித்தான். தண்ணீர் நிற்கிற பாறையைத் தோண்டியே வீடு கட்டுகிறோம் என்பது அவருடைய வாதம். எனக்கும் மறுக்கத் தோன்றவில்லை. திருச்சியில் நாங்கள் காவிரி மணலுக்குச் செய்ததும் அதுதான்.

படகு ஒரு மணி நேரம். பாதிக் கடலில் அலை ஏறி, மேல் தட்டில் இருந்தவர்கள் எல்லோரும் நனைந்தோம். பையில் இருந்த குறிப்பேடும் ஊறி, அளவெட்டி வீட்டு அளவெல்லாம் நீல மையாகக் கலங்கிப்போயிற்று. பக்கத்தில் இருந்த அம்மா தன் துவாயைத் தந்து, "புத்தகத்தை முதல்லை துடையுங்கோ, ஆள் காய்ஞ்சிடும்" என்றார்.

நெடுந்தீவில் எல்லோரும் குதிரையையும் பெருக்கு மரத்தையும் (பாவோபாப்) பார்க்கப் போகிறார்கள். நான் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தீவு முழுக்க, வளவுக்கு வளவு, இடுப்பளவு மதில்கள். வெறும் பவளக்கல் அடுக்கு. சாந்து கிடையாது. ஒரு வீட்டு வாசலில் மதிலின் ஒரு பக்கம் சரிந்திருந்தது, ஒரு பெரியவர் அடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து கல்லை எடுக்கிறார், கையிலேயே இரண்டு முறை திருப்புகிறார், வைக்கிறார். ஆடினால் எடுத்து, சின்னக் கல் ஒன்றை இடுக்கில் செருகி மறுபடி வைக்கிறார். எதையும் உடைக்கவில்லை. மிஞ்சிய கல் என்று ஒன்றுகூட இல்லை.

"மாடு இடிச்சுப்போட்டுது," என்றார், கேட்காமலே.

அடிக்கடி விழுமா?

"விழும். திரும்ப அடுக்குவம். இது எங்கட பேரன் காலத்துக் கல்லு."

யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா. பொருளை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வட்டக் கட்டுமானம் பற்றி நான் கேட்ட வகுப்புகளில் திருகாணி, பூட்டு, பிரிக்கக்கூடிய இணைப்பு என்று நிறையப் படம் காட்டுவார்கள். ஒட்டாமல் கட்டு என்பதுதான் அத்தனைக்கும் சாரம். சுண்ணாம்புச் சாந்து பாதி வழி: பிடிக்கும், வேண்டும்போது கல்லை முழுசாக விடும். சிமெண்ட் விடாது. பிரித்தால் கல்லும் சேர்ந்து உடையும். இந்தப் பெரியவரைக் காணொளியாக எடுக்க ஆசையாக இருந்தது, தொலைபேசியும் ஈரம்.

மதியம் ஒரு வீட்டில் சாப்பாடு. விளைமீன் குழம்பு, பொரியல், சோறு, 700 ரூபாய். தண்ணீர் கேட்டதற்கு, உவர்ப்பாக இருக்கும் என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லி, மழைநீர் பிடித்து வைத்த குடத்திலிருந்து தந்தார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்: மறுபடி அளவெட்டி

மாலைதான் விமானம் என்பதால் காலையில் டேப்போடு மறுபடி போய் எல்லாவற்றையும் அளந்தேன். மேசன் ஐயா ஒரு முனையைப் பிடித்தார். கணக்கு இப்படி வருகிறது: பீலி, வளை, சலாகை, ஓடு, கல் இடுக்குகளுக்குப் புதுச் சாந்து, பின்சுவர்ச் சிமெண்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு, எல்லாம் சேர்த்து 18 லட்சம். அதே அளவில் புது வீடு இரண்டு கோடிக்குக் குறையாது. சுண்ணாம்பை நீற்றி மூன்று வாரம் ஊறவிட வேண்டும், அதை அவசரப்படுத்தக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். சுண்ணாம்பு சுடும்போது கல் விட்ட கரியமில வாயுவின் பெரும்பகுதியை இறுகும்போது திரும்ப இழுத்துக்கொள்ளும் என்று நான் சொன்னதை அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். அவருடைய கவலை, உடன் வேலை செய்யச் சாந்து தெரிந்த பொடியன் ஒருவன்கூட இல்லை என்பது. தன் மகனே கொங்கிறீற்றுக்குத்தான் போகிறான் என்றார்.

பத்து மணிக்குத் தோழியோடு காணொளி அழைப்பு, அவளுடைய இரண்டு அக்காமாரும் சேர்ந்து. டொராண்டோவில் நள்ளிரவு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த வீட்டின் சிக்கல் பீலியில் இல்லை. அம்மம்மாவின் சீதன வீடு, அம்மா வழியாக மூன்று பெண்களுக்கும் பிரிக்காத பங்கு. 1707-இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய தேசவழமைச் சட்டம் இன்றும் இங்கே செல்லும். பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் முதலில் கூட்டுப் பங்காளியிடம் கேட்க வேண்டும். ஒருத்தி பாரிஸ், ஒருத்தி லண்டன், ஒருத்தி டொராண்டோ. கூரையில் கை வைக்கக்கூட மூவரும் அற்றோணித் தத்துவம் (நம் ஊர்ப் பவர் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் நல்லது. அதை எழுத மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் நேரம் கிடைக்க வேண்டும். வழியில் பார்த்த ஜன்னலில்லாத வீடுகளில் எத்தனையில் கறையான், எத்தனையில் கையெழுத்து என்று யாராவது எண்ணினால் நன்றாயிருக்கும்.

லண்டன் அக்கா முதலில் வாடகைக்கு விடலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி. நூலகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மாணவர் விடுதி, அளவெட்டியில் யார் வருவார்கள்? பக்கத்து வீட்டு அக்கா, கேட்காமலே திரைக்குள் தலையை நீட்டி, ஊரில் முன்பள்ளிக்கு இடம் தேடுகிறார்கள் என்றார். பாம்பு விஷயத்தை அவர் எடுக்கவே இல்லை. முன்பள்ளி என்றதும் மூவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கூரைக்கு மூன்று பங்காகப் பணம் போடுவதாக முடிவு, ஆவணி மாதத்துக்குள்.

பாரிஸ் அக்காவின் கணவர் கடைசியாகத் திரையில் வந்தார். அவருக்கு அங்கே ஓர் உணவகம். அந்த நாலு தூணையும் கழற்றிக் கப்பலில் அனுப்ப முடியுமா, வாசலில் வைத்தால் நம் பண்பாடு தெரியும் என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் மேசன் ஐயா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தம்பி, முதல்லை உங்கட கடைக் கூரையிலை நாலு தூணைக் கழட்டிப்போட்டு, பிறகு கதைப்பம்."

அழைப்பு அதோடு துண்டிக்கப்பட்டது. இணைப்புக் கோளாறா வேறு கோளாறா தெரியவில்லை. சுண்ணாம்பு நீற்ற முன்பணம் ஐம்பதாயிரம் என் கையிலிருந்து கொடுத்து, ஐயாவிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். தூண் பேச்சு நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது மறுபடி கிளம்பும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.